தரையில் வைத்த வாளி

சேக்காட்டுத் துலுக்கானத்துக்குக் காக்கிச் சட்டை என்றால் உயிர். அப்பனும் பாட்டனும் ஆண்டை நிலத்தில் ஏர் ஓட்டியே முதுகு வளைந்தவர்கள். இவன் ஒருத்தன்தான் ஆவடியில் ரயிலேறிப் பட்டணம் போய், ஒரு சர்வகலாசாலையில் காக்கிச் சட்டை போடும் பியூன் வேலை பிடித்தான். தற்காலிக வேலைதான். அதற்கே ஆண்டை வீட்டில் வயிற்றெரிச்சல்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே நடுங்கிக் கிடந்த வருஷம் அது. நெருப்பணைக்கும் பயிற்சி என்று பியூன்கள் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தினார்கள். குழாயடியிலிருந்து நெருப்பு வரைக்கும் வரிசையாக நின்று, தண்ணீர் வாளியைக் கைமாற்றி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதற்குத் தலைமை குமாஸ்தா செங்கல்வராயன் ஒரு மாதம் பாடம் நடத்தினார்.

வாளி துலுக்கானத்திடம் வந்ததும் வரிசை அறுந்துவிடும். அவனுக்கு முன்னால் நின்ற திருவேங்கடம் வாளியைத் தரையில் வைப்பான். துலுக்கானம் குனிந்து எடுத்து, நகர்ந்துபோய், மறுபடி தரையில் வைப்பான். அடுத்தவன் அதைக் குனிந்து எடுப்பான். சேரிக்காரன் கையோடு கை வைத்து எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாதாம். தலையில் குண்டு விழுந்தாலும் தீட்டுப் பார்க்க வேண்டுமே! அது அங்கே ஒருத்தருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பயிற்சி பலித்ததா என்று பார்க்க, தீயணைப்புப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். வைக்கோலைக் குவித்துக் கொளுத்தினார்கள். தண்ணீர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் சாம்பல்.

"எங்கே தாமதம்?" என்றார் அதிகாரி.

"துலுக்கானம் கொஞ்சம் மந்தம் சார்," என்றார் செங்கல்வராயன், கூசாமல்.

"அடுத்த வாரம் மறுபடி வர்றேன். அப்பவும் லேட் ஆச்சுன்னா அவனை வேலையிலிருந்து நிறுத்திடுங்க."

அன்றைக்கு வீட்டில் துலுக்கானம் சோற்றில் கை வைக்கவில்லை. மனைவி வேம்புலியம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இன்னாய்யா, வெரசா குனிஞ்சி எடுத்துட்டுப் போயேன். வேலை போச்சின்னா மறுபடி ஆண்டை களத்துலதான் நிக்கணும்."

"அங்க குனிஞ்சிகினு கெடந்தது போதும். மந்தமாமே நானு! இனிமே குனியமாட்டேன்."

அடுத்த வாரம் அதிகாரிக்கு வெயில் படாமலிருக்க ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். வைக்கோலைக் கொளுத்தியதும் வாளிகள் கிளம்பின. திருவேங்கடம் வழக்கம்போல முதல் வாளியைத் தரையில் வைத்தான். துலுக்கானம் குனியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"எடுடா!" என்று கத்தினார் செங்கல்வராயன்.

"கையில குடுக்கச் சொல்லு சார். எடுக்கறேன்."

அவன் காலடியில் வாளிகள் சேர்ந்துகொண்டே போயின. வேலை போனால் மறுபடி ஏர் பிடிக்க வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, தீப்பொறி பந்தல் ஓலையில் விழுந்தது. உள்ளே அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் உத்தியோகம் என்ன கதி என்று செங்கல்வராயனுக்குப் பகீரென்றது. ஓடிவந்தார். கீழே இருந்த வாளியைத் தூக்கித் துலுக்கானத்தின் கையில் திணித்தார்.

"பிடிடா, பிடி!"

தலைமை குமாஸ்தாவே கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு என்ன சாக்கு? அடுத்தவன் அவன் கையிலிருந்தே வாங்கினான். திருவேங்கடமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையில் கொடுத்தான். வாளிகள் பறந்தன. பந்தல் பாதியோடு தப்பியது.

அதிகாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நெருப்பணைக்கக் கற்றுக்கொண்டோம் என்று எல்லாரும் ஒப்பித்தார்கள். துலுக்கானத்தின் முறை வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம் என்று அவனுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணும் கத்துக்கல சார். மொத நாளே எனக்கு வாளி வாங்கத் தெரியும்," என்றவன், செங்கல்வராயனைக் காட்டினான். "குடுக்கறதுக்கு அவருதான் இன்னிக்குக் கத்துக்கினாரு."