இரட்டை ஆறு தெரியாத கண்

அசுவா நகரத்தின் டாமினோ வரலாற்றை என்றாவது யாராவது எழுதினால், எலூதெரியோவின் வலது கண்ணுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே மூக்குப் பக்கம் திரும்பிய கண் அது. அந்த மூக்கில் என்னதான் கண்டதோ, முப்பத்தெட்டு வயதாகியும் பார்வையை எடுக்கவில்லை.

வாரம் முழுக்க வாடகை பைக் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை வாசலில், இருவர் இருவராக ஜோடி சேர்ந்து புள்ளிக் காய்களை இறக்கி ஆடும் டாமினோ. பதினொரு வருடம் அவரை யாரும் ஜெயிக்கவில்லை. எதிரே உட்காரும் தன் ஜோடிக்குக் கண்ஜாடை காட்டுவது அங்கே பெரிய குற்றம். ஆனால் இவர் எங்கே பார்க்கிறார் என்று தெரிந்தால்தானே குற்றம் சாட்ட முடியும்?

முடிதிருத்தும் ப்ருதென்சியோ கத்துவார்: "டேய், என் காயைப் பாக்குறியா, உன் ஜோடியைப் பாக்குறியா?"

"உன் பொண்டாட்டி தேடிக்கிட்டு வர்றாளான்னு பாக்குறேன்டா. காயை எறக்கு."

பக்திமான் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. ரம் ஊற்றும்போது இறந்தவர்களுக்காக முதல் சொட்டைத் தரையில் விடுவது ஊர் வழக்கம். எலூதெரியோ காபி ஊற்றினாலும் தண்ணீர் ஊற்றினாலும் முதல் வாய் தம்ளருக்கு வெளியேதான் விழும். இவ்வளவு ஆழ்ந்த மரியாதையைத் தெருவே மெச்சியது.

மகள் யோகாஸ்தாவுக்கு மூன்று வயதானபோது, பாசிமணி கோக்க உட்கார்ந்தால் அவளுடைய வலது கண்ணும் உள்ளே போனது. வாரிசு வந்துவிட்டது என்று அப்பா கடையில் எல்லோருக்கும் ரம் வாங்கிக் கொடுத்தார். அம்மா நீர்சா கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினாள்.

"குழந்தைக்குத் தூரப்பார்வை. கிட்ட இருக்கறதைப் பாக்க ரொம்ப முக்குறா, அந்த முக்குல கண்ணு உள்ள இழுத்துக்குது. கண்ணாடி போட்டா நேராயிடும்" என்றார் டாக்டரம்மா. "அப்படியே விட்டா அந்தக் கண்ணு காட்டுறதை மூளை கண்டுக்காம விட்டுடும். இப்பவே கொஞ்சம் மங்கல்தான்."

"என்னைப் பாருங்கம்மா. ரெண்டு கண்ணும் கழுகு மாதிரி" என்றார் கூட வந்திருந்த எலூதெரியோ.

டாக்டரம்மா எழுந்து வந்து, உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினார். எலூதெரியோவின் சட்டைப்பையிலிருந்த டாமினோ காயையே எடுத்து நீட்டினார்.

"எத்தனை புள்ளி?"

"புள்ளி எங்க இருக்கு? இது வெள்ளைக் காய்."

கையை எடுத்தார். இரட்டை ஆறு, பன்னிரண்டு புள்ளி.

பதினொரு வருடச் சாம்பியன் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு ஆபரேஷன் பண்ணலாமா?" என்றார்.

"கண்ணை நேராக்கலாம். போன பார்வையைக் கொண்டுவர முடியாதுப்பா. இவளுக்கு முடியும்."

அன்று கடையில், தம்ளர் எவ்வளவு தூரம் என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாமல், ரம் மறுபடி வெளியே விழுந்தது. "பாத்தியா, செத்தவங்களை மறக்கவே மாட்டான்" என்றார் ப்ருதென்சியோ. எலூதெரியோ மறுக்கவில்லை. நற்பெயர் தானாக வரும்போது தள்ளிவிடுவானேன்?

கண்ணாடி வந்தது. கூடவே, மங்கிய கண்ணுக்கு வேலை வைக்க, நல்ல கண்ணை மூடித் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணி. யோகாஸ்தா அதைப் பிய்த்துக் கோழிக்கு ஒட்டினாள்.

"நீ மட்டும் ஏன் ஒட்டிக்கல?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அவரும் ஒட்டிக்கொண்டார், நல்ல கண்ணில். அவள் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மணி நேரம் அவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து, மேசையெங்கும் வெள்ளைக் காய்களாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் ஆட்டத்தின் நடுவில் வந்தது. பட்டம் ப்ருதென்சியோவுக்குப் போனது. அவர் அதைச் சலூன் கண்ணாடியில் எழுதியே வைத்தார்.

யோகாஸ்தாவுக்கு ஆறு வயதானபோது டாக்டரம்மா அவளுடைய இடது கண்ணை மூடி அதே காயை நீட்டினார். "பன்னெண்டு" என்றாள் அவள், அலுப்போடு. ஒட்டுத்துணிக்கு அன்றோடு விடுதலை.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு ஜோடியாக உட்கார்ந்தாள். ஆட்டம் சூடானதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வலது கண் சாவகாசமாக மூக்குப் பக்கம் நகர்ந்தது.

"அக்கிரமம்!" ப்ருதென்சியோ எழுந்துவிட்டார். "அப்பன் ஒருத்தன் போதாதா? கண்ணாடியைப் போடச் சொல்லுடா!"

கடைக்காரர் உடனே சுவரில் சட்டம் எழுதினார்: 'கண்ணாடி உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் ஆட வேண்டும்.'

யோகாஸ்தா மாட்டிக்கொண்டாள். இரண்டு கண்ணும் நேராகப் ப்ருதென்சியோவின் முகத்தில் வந்து நின்றன.

"இப்ப உங்களைத்தான் பாக்குறேன் மாமா. காயை எறக்குங்க."