தவத்துக்கு விட்ட குளிசை

மருந்துக்கடைக்காரரின் தொழில் மருந்து விற்பது என்றொரு மூடநம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. மிகுந்த பொறுப்புணர்வோடு மறுக்கிறேன். விற்ற மருந்தை விழுங்க வைப்பதே தொழில். மாத்தளையில் கடை வைத்திருக்கும் எனக்கும், உங்கள் ஊர் மருந்துக்கடையில் நிற்கும் சக தொழிலரான உங்களுக்கும் பேசிப் பேசித் தொண்டை கட்டுவது அதனால்தான்.

இரத்தத்தில் ஒரு கண்டக்டர்

ராயப்பன் அண்ணன் யட்டவத்த ஊருக்கு ஓடும் பஸ்ஸின் சாரதி. இரத்தப் புற்றுநோய்க்குத் தினம் ஒரு குளிசை. "தம்பி, இது உள்ள போய் என்னதாங்க செய்யுது?" என்றார். இப்படிக் கேட்பவர் வருடத்துக்கு ஒருவர்தான் அகப்படுவார். விடுவேனா?

உடலின் கலத்துக்குள் கைனேஸ் என்றொரு நொதியம். அது புரதத்தின் மேல் பொஸ்பேற்றை ஒட்டும். ஒட்டியதும் புரதம் விழித்துக்கொண்டு, 'பெருகு' என்று அடுத்ததற்குச் செய்தி அனுப்பும். இன்னொரு நொதியம் வந்து பொஸ்பேற்றைக் கழற்றினால் செய்தி அடங்கும். அண்ணனின் கைனேஸோ 'போ, போ' என்று ஓயாமல் மணியடிக்கும் கண்டக்டர். அது பொஸ்பேற்றை எடுக்கும் பொந்துக்குள் குளிசை போய்க் குந்திக்கொள்கிறது. குளிசை எழும்பினால் மணி மறுபடி தொடங்கிவிடும்.

"அவனை வேலையை விட்டே தூக்க முடியாதா?"

நிரந்தர ஊழியன் என்றேன்.

"நிரந்தரமா? அப்ப கொழுப்பு இருக்கத்தான் செய்யும்."

வரிசை

திரும்பிப் பார்த்தால் கவுண்டரில் நின்ற வரிசையைக் காணோம். அண்ணனின் பஸ்ஸில் தினமும் வேலைக்கு வரும் என் உதவியாளர் நிலூஃபா சொன்னார்: "சேர், நீங்க மணியை நிப்பாட்டுறதுக்குள்ள காய்ச்சல்காரர் மூணு பேர் சுகமாகிப் போய்ட்டாங்க."

தவக்காலம்

கிறிஸ்தவர்கள் ஏதாவதொன்றை விட்டு நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து ஆறாம் நாள், தன் பிரஷர் குளிசைக்கு வந்தார் அண்ணனின் மனைவி செலின் அக்கா. "அவர் குளிசையைத் தவத்துக்கு விட்டுட்டாருங்க" என்றார். கடையை நிலூஃபாவிடம் விட்டு, அக்காவோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"சாராயம், சிகரெட், பொரிச்ச மீன் எல்லாத்தையும் டொக்டரே போன வருஷம் நிப்பாட்டிட்டாரு. ஆண்டவருக்குன்னு விட எனக்கு மிச்சம் இதுதாங்க" என்றார் சாரதி ஆசனத்தில் இருந்த அண்ணன்.

"பிடித்ததை விட்டால்தானே தவம்? குளிசை பிடிக்குமா?"

"வாயில வச்சாலே குமட்டுது."

"அப்போ அதை விடுவது சுகம். விழுங்குவதுதான் தவம். உள்ளே ஒருவன் ஆறு நாளாக மணியடிக்கிறான்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கையோடு கொண்டுவந்த குளிசையையும் பாதிப் பணிஸ் ரொட்டியையும் நீட்டிக்கொண்டே நின்றார். அண்ணன் வாங்கி விழுங்கினார். பிறகு ஸ்டியரிங்கின் நடுவை ஆசையாகத் தடவினார்.

"பிடிச்சது இன்னும் ஒண்ணு இருக்குங்க, தம்பி."

அவருடைய அடுத்த இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. தவக்காலம் முடியும் உயிர்த்த ஞாயிறு வரை யட்டவத்த பஸ் ஹோன் அடிக்காததால், அந்தச் சத்தம் கேட்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் நிலூஃபா தினமும் வேலைக்குப் பிந்தி வந்தார்.