அண்ணியின் தலைவலியும் என் புத்தகங்களும்

அண்ணியின் தலைவலிக்குப் புத்தகங்கள்தாம் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அம்மா நம்பினார். அண்ணன் நம்பினார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்கள்கூட நம்பினார்கள். நான் ஒருத்தி மட்டும் நம்பவில்லை. இப்போது என் மேசைமேல் கிடக்கும் நாவலின் நடுவே காய்ந்து கறுத்த தேயிலைக் காம்பு ஒன்று செருகப்பட்டிருக்கிறது. படித்த இடத்துக்கு அடையாளமாக அண்ணி வைத்தது அது. நூலகத்துக்கு வேறொரு பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டு இந்தப் பிரதியை நானே வைத்துக்கொண்டேன்.

நான் பதுளையில் தங்கி, அங்கே ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். என் நூலக அட்டைக்கு ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்கள் தருவார்கள். சனிக்கிழமை தோறும் அவ்விரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். அண்ணி எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பப்பட்டவர். அவர் முதலில் படிப்பார், பிறகு நான் படிப்பேன். அது எங்களுக்குள் எழுதாமல் உண்டான ஒழுங்கு. அடுத்த சனிக்கிழமை அவர் கறிக்கு வெங்காயம் உரித்தபடியே தமது தீர்ப்பைச் சொல்லுவார். கற்றவர்கள் எழுதிய எத்தனையோ மதிப்புரைகளைப் படித்திருக்கிறேன். அந்த வெங்காயத் தீர்ப்புகளில் இருந்த கூர்மையை அவற்றில் நான் அதிகம் கண்டதில்லை.

ஒருமுறை துப்பறியும் நாவல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். பெரிய பங்களாவில் ஒரு கொலை. கடைசி அத்தியாயம் வரை யாருக்கும் பிடிபடாது என்று அட்டையில் போட்டிருந்தது. அண்ணியோ, "இது என்னாங்க டீச்சரம்மா பெரிய ரகசியம்? சட்டையெல்லாம் ரத்தம்னு எழுதியிருக்கு. அந்தச் சட்டையத் தொவைச்சது யாரு? தொவைச்சவள ஒரு வார்த்த கேட்டிருந்தா இருவது பக்கத்துல கத முடிஞ்சிருக்கும்" என்றார். பாலைவனப் பயணநூலைப் பற்றிக் கேட்டபோது, "தண்ணியே இல்லாத ஊரப் பத்தி முந்நூறு பக்கம் எழுதியிருக்காரே, அவருக்கு மட்டும் யாரு தண்ணி சொமந்து குடுத்தாங்க?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில் பண்ணை முதலாளியின் மனத்துயரம் பக்கம் பக்கமாக விரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் சொன்னது: "தொரைக்கு மனசு நொந்தா அஞ்சு பக்கம். குதிரக்காரன் பனியில செத்தா அர வரி. எந்த நாட்டுலயும் தொரை தொரைதான்." கவிதைத் தொகுப்பைப் புரட்டியவுடன் சிரித்துவிட்டார். "கவ்வாத்து வெட்டுன தேயில மலை மாதிரி இருக்கு, குச்சி குச்சியா. ஆனா அதுலதாங்க தளிரு வரும்."

அவருடைய தலைவலி அந்தக் கவிதைத் தொகுப்பு வந்த காலத்தில்தான் அதிகரித்தது. அம்மா நெற்றியில் பற்றுப் போடுவார். போட்டுக்கொண்டே, "பொட்டச்சிக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு? அந்தச் சனியன மூடி வெச்சா எல்லாம் சரியாயிரும்" என்பார். அண்ணன் கடுமையானவர் அல்லர். ஆயினும், "தங்கச்சி, இனிமே பொஸ்தகம் கொண்டாராத. இவ படுற பாட்டப் பாக்க முடியல" என்று ஒருநாள் சொன்னார். நான் கொதித்துப்போனேன். அச்சடித்த எழுத்தைப் படித்துக் கண் கெட்டவர்களும் இல்லை, தலை கெட்டவர்களும் இல்லை என்று அன்று நான் ஆற்றிய உரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படிப்பதால் கண் கெடாது, இது மூடநம்பிக்கை, ஒரு பெண்ணின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதற்குத் தலைவலி ஒரு சாக்கு, என்றெல்லாம் பேசினேன். அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாதத்தில் நான் வென்றேன். புத்தகங்கள் தொடர்ந்து வந்தன. அந்த வெற்றியின் களிப்பில், தலைவலிக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அடையாளங்கள் இல்லாமலில்லை. கதவு நிலையில் அண்ணியின் தோள் இடித்துக்கொண்டே இருந்தது. மலையில் தண்ணீர் வடியும் கானுக்குள் இருமுறை கால் தவறி விழுந்தார். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி அவருடைய கூடையைக் கிளறிவிட்டு, "என்னா இது, முத்தின எலையாப் பறிச்சிருக்க? வீட்டுல கீரக் கொழம்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தாராம். அண்ணியும் விடவில்லை. "ஆமாங்க, ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புறேன்" என்றாராம். இதைச் சொல்லி அவர் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னொரு மாலை, விளக்கைப் போட்டதும் அதையே சற்றுநேரம் பார்த்திருந்தவர், "பல்ப சுத்தி வானவில்லு கட்டியிருக்குங்க, டீச்சரம்மா" என்றார். கவிதைத் தொகுப்பு அவருக்குள் வேலை செய்கிறது என்று நான் மகிழ்ந்தேன். அந்த வாக்கியத்தை என் குறிப்பேட்டில் எழுதி, கீழே தேதியும் இட்டேன். பாடசாலையில் என்னோடு பணியாற்றும் ஆசிரியைகளிடம் படித்தும் காட்டினேன்.

பிறகு, புத்தகத்தைக் கையில் வாங்கும்போதே, "இது எதப் பத்தி?" என்று அண்ணி கேட்கத் தொடங்கினார். முன்பெல்லாம் அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் அட்டையின் பின்புறம் இருப்பதைச் சொல்லுவேன். அடுத்த சனிக்கிழமை தீர்ப்பு வழக்கம்போல் வரும். ஆனால் அவர் சொன்ன சில காட்சிகள் நான் படிக்கும்போது புத்தகத்தில் இருப்பதில்லை. கேட்டால், "எழுதினவருக்கு மறந்துபோச்சு போலருக்கு" என்று மழுப்புவார்.

என் மேசையில் இருக்கும் இந்த நாவல் ஒரு மீனவப் பெண்ணின் கதை. அண்ணி அதைத் திருப்பித் தந்த அன்று நெடுநேரம் பேசினார். கரைக்கு வரும் படகுகளை அவள் எண்ணுகிறாள். எல்லாம் வந்த பிறகும் எண்ணுவதை அவளால் நிறுத்த முடியவில்லை. வராத படகுக்கும் ஓர் எண் கொடுக்கிறாள். சொல்லும்போது அண்ணியின் குரல் தழைந்துபோயிற்று. திரும்பும் பஸ்ஸிலேயே ஆவலோடு புத்தகத்தைத் திறந்தேன். தேயிலைக் காம்பு இரண்டு பாகங்களுக்கு நடுவே எதிரெதிராக விடப்பட்டிருந்த வெற்றுப் பக்கங்களில் இருந்தது. அதற்கப்பால் எட்டுப் பக்கங்கள் அச்சகத்தின் வெட்டுக்குத் தப்பி, மேல்விளிம்பில் ஒன்றோடொன்று பிணைந்தபடியே இருந்தன. எவரும் அவற்றைப் பிரித்திருக்கவில்லை. பதுளையில் என் அறைக்கு வந்து கத்தியால் கீறிப் படித்தேன். கடைசிப் பக்கம்வரை படித்தேன். படகுகளை எண்ணும் பெண் அந்த நாவலில் எங்குமே இல்லை.

என் முதல் உணர்ச்சி கோபம் என்பதை எழுதத்தான் வேண்டும். அவர் படிப்பதை விட்டுவிட்டார், என்னைத் திருப்திப்படுத்தக் கதை கட்டுகிறார் என்று நினைத்தேன். ஆசிரியர்கள் செய்வதையே நானும் செய்தேன். சோதனை வைத்தேன். அடுத்த சனிக்கிழமை மதியம் அம்மாவும் அண்ணனும் இருக்கும்போதே அதே நாவலை அண்ணியின் கையில் கொடுத்து, "காம்பு இருக்கிற எடத்துலேர்ந்து கொஞ்சம் சத்தமா வாசிங்க அண்ணி, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

அவருடைய விரல் காம்பைத் தேடிக் கண்டது. புத்தகம் விரிந்தது. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் வாசித்தார். கடலின் மேல் மழை பெய்வதை வாசித்தார். ஈரச் சேலையோடு நிற்கும் பெண்ணை வாசித்தார். ஒரு சொல்லிலும் தடுமாற்றம் இல்லை. அண்ணன், "நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். நான் அண்ணியின் தோளருகே நின்றிருந்தேன். அவர் விரித்துப் பிடித்திருந்தது அந்த வெற்றுப் பக்கங்களை. அவருடைய கண்கள் அவற்றின்மீதுகூட இல்லை. மேல்விளிம்பைத் தாண்டி, வாசலில் வெளிச்சம் இருந்த திசையில் நிலைத்திருந்தன.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். நெடுநேரம் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போச்சு. போன பார்வை இனித் திரும்பாது. தலையிடி எண்டு சொல்லேல்லையோ? வெளிச்சத்தைச் சுத்தி வானவில் மாதிரித் தெரியுதெண்டு ஒருக்காலும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். என் பைக்குள் அந்தக் குறிப்பேடு இருந்தது. படித்ததால் வந்ததா என்று மட்டும் கேட்டேன். "சீச்சீ, வாசிக்கிறதால இது வாறதில்லை. தலையிடி தொடங்கின அண்டைக்கே கொண்டு வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாயிற்று. இவ்வளவு கசப்பான சரியை நான் வேறெப்போதும் சொன்னதில்லை.

வீட்டில் அம்மா, "நாங்க அப்பவே சொன்னமே" என்று அழுதார். மருத்துவர் சொன்னதை நான் எடுத்துரைக்கவில்லை. அண்ணியிடம், ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன். வெங்காயம் உரிப்பது போலவே அமைதியாகச் சொன்னார்: "கண்ணு மங்குதுன்னா மொதல்ல பொஸ்தகத்தத்தான் எடுத்திருப்பாங்க. அப்புறம் தலவலி மட்டுந்தானே மிச்சம்?" பிறகு, "அதோட, படிச்சா கண்ணு கெடாதுன்னு அன்னிக்கு எவ்வளவு வீறாப்பாப் பேசுனீங்க. எனக்குக் கெட்டுப்போச்சுன்னா நீங்க பொய்யாயிருவீங்கல்ல, டீச்சரம்மா" என்றார்.

படித்துக் காட்டுகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "வேணாங்க. நீங்க படிச்சா அது ஒங்க கதையாயிரும்" என்பதே பதில். படகுகளை எண்ணிய பெண்ணைப் பற்றிக் கேட்டால், "அவ போயிட்டாளுங்க" என்கிறார். இப்போது அவர் புதுக் கதை எதுவும் சொல்வதில்லை. காம்பராவின் வாசலில், வெயில் படும் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்.

நான் இன்னும் படிக்கிறேன். இந்த மாதம் ஒரு வரலாற்று நூல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, தேனீக்களைப் பற்றிய ஒரு நூல். எல்லாவற்றிலும் துணி துவைத்தவள் யார், தண்ணீர் சுமந்தவர் யார் என்று தேடுகிறேன். பெரும்பாலும் அவர்கள் இல்லை. இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவிடுகிறேன். இந்த நாவலை மட்டும் காம்பு இருக்கும் இடத்தில் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். எதிரெதிராக இரண்டு வெற்றுப் பக்கங்கள். அவற்றை வாசிக்க எனக்குத் தெரியவில்லை.

அம்மா சென்ற ஆண்டு இறந்துபோனார், தாம் நம்பியதை நம்பியபடியே. அண்ணனும் அண்ணியும் அதே காம்பராவில் இருக்கிறார்கள். வாசகி என்று சொல்ல, எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.