சித்திரையில் திறந்த படலை

தியாகராசா அண்ணையை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அதில் பெரும்பகுதியை அவரைப் பகிடி பண்ணியே கழித்தேன். மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னுடைய டெப்பனருக்கு, அதாவது மூலைக்கடைக்கு, மேல்மாடியில்தான் அவரும் மனைவி புஷ்பவதியும் குடியிருக்கிறார்கள். கிழமையில் ஐந்து நாள் செயின்ட்-மிஷேலில் ஒரு பேக்கரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஊரெல்லாம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுத்திக்கொண்டு போக, இந்த மனிதர் விடிய ஐந்து மணிக்கு மண்வெட்டியும் மரவாளுமாக வடக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓடி அரசாங்கக் காட்டுக்குள் போய் நிற்பார். சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

அந்தக் காட்டில் குவாட் ஓடுவார்கள். நான்கு தடித்த சில்லு, மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைபிடி, சேறு கல்லு எதுவென்றாலும் ஏறிப்போகும். காடு அரசாங்கத்தினுடையது. பாதையைப் பார்ப்பது அந்த ஊர்க் குவாட் கழகம். விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்குவது, அணை கட்டும் நீர்ப்பிராணிகளான பீவர்கள் மதகில் அடைத்துவைத்த குச்சியையும் சேற்றையும் வாருவது, சதுப்பில் பலகை போடுவது, வளைவுகளில் அறிவிப்புப் பலகை நடுவது எல்லாம் கழகத்துத் தொண்டர்களின் வேலை. அதில் ஒரே தமிழர் இவர். இத்தனைக்கும் இவரிடம் குவாட் கிடையாது. "வண்டி இல்லாத ஆளுக்கு வீதி என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டால், "சமைக்கிறவன் எல்லாம் சாப்பிடுறானோ?" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்த கதையும் அப்படித்தான். பேக்கரிக் கூட்டாளி ஒருவன் பொழுதுபோக்குக்கு என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். எல்லோரும் வண்டியில் ஏறிப் பறக்க, இவர் பாதையில் தேங்கி நின்ற தண்ணீரைக் கண்டு, சப்பாத்துக் குதியால் ஒரு வாய்க்கால் கீறி அதைச் சரிவுக்கு இறக்கிவிட்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ரெஜான். மரம் தறித்து ஓய்வுபெற்ற கிழவர், பாதைகளுக்குப் பொறுப்பானவர். கிட்ட வந்து ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்தாராம். அன்று தொடங்கி அவர்கள் இருவரும் ஞாயிறு தவறாமல் தண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள். "தண்ணிக்கு முதல்ல வழி விடவேணும், தம்பி எமிலி. இல்லாட்டி அது எங்கட பாதையை எடுத்துப்போடும்" என்று என்னிடம் நூறு தரம் சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

பாதை தொடங்குகிற இடத்தில் இரும்புக் குழாயால் ஒரு தடுப்பு. ஊர்ப் பழக்கத்தில் நாங்கள் அதைப் படலை என்போம். ஏப்ரல் பிறந்ததும் அதற்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிடுவார்கள். மே கடைசியில்தான் திறப்பார்கள். பனி உருகும் காலத்தில் பாதையை நம்பக்கூடாது. மேலே பார்த்தால் சிமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். கீழே தண்ணீர் மண்ணைக் கொண்டுபோயிருக்கும். அந்தப் பூட்டின் திறப்பு மூன்று பேரிடம் இருந்தது: கழகத் தலைவி மெலனி, ரெஜான், தியாகராசா அண்ணை. இந்த விசயத்தில் அண்ணை ஈவிரக்கம் இல்லாதவர். ஒருமுறை ரெஜானின் சொந்தப் பேரன் ஐந்து மணித்தியாலம் வண்டி ஓட்டி வந்து கெஞ்சியும் திருப்பி அனுப்பிவிட்டார். ரெஜான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதில் பெருமை.

இனி சிவாஜினியைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணையின் ஒரே தங்கச்சி. தகப்பன் போகும்போது அவளுக்கு நாலு வயது, இவருக்குப் பத்தொன்பது. வளர்த்தது, இங்கே கூப்பிட்டது, ரதீசனுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இவர்தான். ரதீசன் நல்ல பிள்ளை. பதினெட்டு வருடம் ஓர் உணவகத்துக் குசினியில் நின்று காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக எழும்பியதைத் தவிர வேறு ஒன்றும் கண்டதில்லை. ஒரு மாரிக் குளிரில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினான். சிவப்பு நிறத்தில் பழைய குவாட் ஒன்று. அத்தான் போட்ட பாதையில் ஓடவேண்டும் என்று ஆசை.

அடுத்து வந்த சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு. புதுக் கருமம் தொடங்கக் காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம் என்று கோயில் கலண்டரில் போட்டிருந்தது. படலைக்கு முன்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து எலுமிச்சங்காய் மிதித்து, தேங்காய் உடைத்து, வண்டியைத் திரும்பக் கொண்டுபோவது என்றுதான் பேச்சு. அண்ணை அதற்கு மட்டுமே சம்மதித்திருந்தார். நானும் கூடப் போனேன். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், எலுமிச்சங்காயில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொங்கலுக்கும் வடைக்கும் போனேன் என்பதே உண்மை.

நான்கு சில்லுக்கும் நான்கு எலுமிச்சங்காய் வைத்து மிதித்தாயிற்று. கற்பூரம் எரிந்து முடிந்தது. ரதீசன் வண்டியை விட்டு இறங்கவில்லை. படலைக்கு அப்பால் பாதை காய்ந்து, வெயில் பட்டுக் கிடந்தது.

"அத்தான், அந்த முதல் பாலம் வரைக்கும் போய்ப்போட்டு வாறனே?"

"இப்ப ஏலாது தம்பி. மே கடைசியில வாரும், நானே திறந்து விடுறன்."

அவன் சரி என்று தலையாட்டினான். அவ்வளவோடு முடிந்திருக்கும். சிவாஜினி கிட்ட வந்தாள். "அண்ணை, இந்த மனுசன் இவ்வளவு காலத்தில ஒருதரிட்டையும் ஒண்டும் கேட்கேல்லை. பத்து நிமிசம்தானே" என்றாள். அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். அப்போது வாயைத் திறந்தவன் நான். கடையில் மாதா படத்துக்குக் கீழே நின்று வியாபாரம் செய்கிற நான். "வருசம் பிறந்து முதல் வெளிக்கிட்ட காரியம் அண்ணை, வாசலில திரும்பக் கூடாது" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வடை தின்ற சந்தோசத்தில் சொன்னேன்.

அண்ணை கலண்டரில் போட்டிருந்த நேரத்தை ஒருக்கால் கேட்டார். பிறகு திறப்பை எடுத்தார். "பாலத்தில திரும்பவேணும். அங்கால ஒரு அடி போகக் குடாது" என்றார். ரதீசன் ஒரு அடி கூடத் தாண்டிப் போகவில்லை. பாலத்துக்கு இப்பாலேயே, மதகுக்கு மேலே, பாதையின் ஓரம் அப்படியே உள்ளே விழுந்தது. வண்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. அண்ணை ஓடினார். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வண்டியைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி உருகிய தண்ணீர். வண்டிக்குக் கீழே ரதீசன். மூன்று பேரும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். முடிந்திருந்தது.

அம்புலன்ஸுக்கு வழி காட்ட நான் படலையடியில் நின்றேன். பொலிஸ்காரி ஒருத்தி வந்து, இதைத் திறந்தது யார் என்று கேட்டாள். சீருடையைக் கண்டால் என் வாய் எனக்கு முந்திப் பதில் சொல்லும். பதினெட்டு வயதில் சோதனைச் சாவடிகளில் பழகிய வாய். எந்தப் பதில் எவனையும் காட்டிக்கொடுக்காதோ அது தானாக வரும். "திறந்துதான் கிடந்தது" என்றேன், என்னுடைய கடைப் பிரெஞ்சில். அடுத்தநாள் அதே பொலிஸ்காரி அண்ணையைத் தொலைபேசியில் கேட்டாள். பக்கத்தில் இருந்த சிவாஜினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். புருசன் போன வீட்டில் அண்ணனையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். அவர், எமிலி சொன்னது சரி என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பொய்க்கு இன்னொரு ஆள் தேவைப்படும் என்று நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பீவர் அணையைப் பார்க்க ரெஜான் உள்ளே போய் வந்திருந்தார். வரும்போது பூட்ட மறந்துவிட்டார் என்றுதான் கழகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கு எழுபத்தொன்பது வயது. கொஞ்சக் காலமாகவே பெயர்களை மறந்துகொண்டிருந்தார், அடுப்பை அணைக்க மறந்துகொண்டிருந்தார். பூட்டையும் மறந்திருப்பேன் என்று அவரே நம்பிவிட்டார்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு ரெஜான் மெலனியோடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நேரே சிவாஜினியிடம் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. வழக்கம்போல அண்ணையைத் திரும்பிப் பார்த்தாள். ரெஜான் அவரையும் பார்த்தார், சொல்லு என்பதுபோல.

"தான்தான் பூட்ட மறந்ததாம். தன்னை மன்னிக்க ஏலுமோ எண்டு கேட்கிறார்" என்று அண்ணை தமிழில் சொன்னார்.

அவள் குனிந்துகொண்டாள். ரெஜான் கொஞ்ச நேரம் காத்துநின்றார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். எனக்கு மானம் போய்விட்டது. ஓடிப்போய் அவரை மறிக்காத என் காலை வெட்டவேண்டும்.

அன்றிரவே உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அண்ணை நின்றார். சிவாஜினி காலைப் பிடித்தாள். "முப்பத்தொண்டு முடியட்டும் அண்ணை. அதுக்குப் பிறகு நான் மறிக்கமாட்டன்." அவர் ஒத்துக்கொண்டார். அந்த முப்பத்தொரு நாள் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதை நான் காணவில்லை. முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போனதும், கீழே வந்து என் கடைக் கதவில் தட்டினார். "நீயும் வெளிக்கிடு. பொய்யை முதல் சொன்னது நீ" என்றார்.

மெலனியிடம் சொன்னோம். பொலிசில் சொன்னோம். அதற்குரிய விசாரணையும் தண்டனையும் இரண்டு பேருக்கும் வந்தன, அதைப் பற்றி முறையிட எனக்கு வாயில்லை. மெலனி மேசைக்கு அப்பாலிருந்து கையை நீட்டித் திறப்பை வாங்கும்போது அழுதாள். அண்ணை அழவில்லை. "ரெஜானிட்டைச் சொல்லவேணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ரெஜான் வீட்டில் இல்லை என்றாள் மெலனி. அந்த ஒரு மாதத்தில் அவர் நித்திரை இல்லாமல், ஒவ்வொரு விடியலும் எழும்பி நடந்துபோய்ப் படலையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒருநாள் மழையில் நனைந்து, வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறார். மகள் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டாள்.

அங்கே போனோம். அண்ணை அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எலுமிச்சங்காயிலிருந்து சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். கிழவருக்கு விளங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு அண்ணையைக் கட்டிப்பிடித்தார். எங்களை ஏசவும் இல்லை. திரும்பி வரும்போது, இனி இந்தப் பாரம் எங்களுடையது மட்டும்தான் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு போனோம். ரெஜான் அண்ணையைக் கண்டதும் கையைப் பிடித்து, "அந்தப் பெண் என்னை மன்னித்தாளா?" என்று கேட்டார்.

நாங்கள் சொன்னதெல்லாம் மறந்துபோயிருந்தது. குற்றம் மட்டும் மறக்கவில்லை. அண்ணை முதலிலிருந்து சொன்னார். கிழவர் மறுபடியும் அழுதார், கட்டிப்பிடித்தார். அடுத்த கிழமையும் அதே கேள்வி. எங்கள் கோயிலில் பாவத்தைச் சொன்னால் குருவானவர் கேட்டு மன்னித்து அனுப்புவார், அதோடு ஒரு முடிவு உண்டு. இங்கே எங்களுக்கு முடிவே கிடைக்கவில்லை. கோடை முழுக்க, ஞாயிற்றுக்கு ஞாயிறு, அண்ணை அந்தக் கதிரையில் இருந்து தன் மைத்துனனைத் தானே கொன்ற கதையைச் சொன்னார். பதினேழு தரம். ஒவ்வொரு தரமும் அது கிழவருக்குப் புதுக் கதை.

சிவாஜினி அந்திரட்டிக்குப் பிறகு அண்ணனோடு அதிகம் கதைப்பதில்லை. சோறு போட்டுக் கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். நான்தான் ஒருநாள் அவளிடம் போய் ரெஜானின் கேள்வியைச் சொன்னேன். ஒக்டோபர் முதல் ஞாயிறு காலை, காருக்குப் பக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். பின்சீட்டில் ஏறினாள்.

ரெஜானுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. எழும்பப் பார்த்து முடியாமல், இருந்தபடியே கையை நீட்டி, தன்னை மன்னித்தாளா என்று கேட்டார். சிவாஜினி பக்கத்தில் போய் இருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"ஐயா, நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. அந்தப் பூட்டை நீங்கள் சரியாத்தான் பூட்டினீங்கள்."

கிழவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிரெஞ்சில், "அவள் உங்களை மன்னித்துவிட்டாள், முழுமனதோடு" என்றார். ரெஜான் கண்ணை மூடினார். அவள் கையை விடாமலே, எங்களுக்கு முன்னாலேயே கதிரையில் நித்திரையாகிவிட்டார். அந்த மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டதை ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் கண்டேன்.

வெளியே வந்ததும் சிவாஜினி நின்றாள். 'மன்னிப்பு' என்ற பிரெஞ்சுச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை."

"உண்மையைச் சொன்னால் ஒரு மணித்தியாலத்தில மறந்துபோடுறார் பிள்ளை. இதாவது ஒருவேளை நிக்கும் எண்டு நினைச்சன்."

"அந்தாளை மன்னிக்க என்னட்டை ஒண்டும் இல்லை. நான்தான் கேட்டனான். இல்லையெண்டு சொல்லேல்லை. நான் தங்கச்சி, கேட்பன். ஆனா அந்த மண்ணுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு உங்களுக்குத்தானே தெரியும். ஊருக்கெல்லாம் திறக்காத ஆள், நீங்கள் எனக்குத் திறந்திருக்கக் குடாது."

"ஓம்" என்றார் அண்ணை. அவர் அழுததை நான் கண்டது அப்போதுதான், காரின் கூரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.

பிறகு மொன்றியலுக்குத் திரும்பினோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். இறங்கிக் கதவைச் சாத்தப் போனவள், குனிந்து என்னைப் பார்த்தாள்.

"எமிலி அண்ணை, வாற ஞாயிறு அந்தாளுக்கு இண்டைக்கு நடந்ததும் மறந்துபோயிருக்கும். நானும் வாறன், எனக்கு ஒரு இடம் வையுங்கோ" என்றாள்.

தன் அண்ணனை அவள் பார்க்கவில்லை.