"எந்தக் கால்?" என்று கேட்ட ரெஜினா மிஸ்

அன்றைக்கு பதுளை ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர்கள்: நான், என் மூத்த மகன் சிவலிங்கம், சிங்களம் பேசும் டாக்டர், பக்கத்துக் கட்டிலில் பூனாகலைத் தோட்டத்துப் பாப்பாத்தி, அப்புறம் நர்ஸ் ரெஜினா மிஸ். மிஸ் போன செவ்வாய்க்கிழமை பசறையில் இறந்துவிட்டார். சிவலிங்கம்தான் போனில் சொன்னான்.

"யாரு சொன்னா, எப்படிச் செத்தாங்க, திருப்பிச் சொல்லுடா" என்றேன். அவன் சொல்லை ஒரே தடவையில் நான் நம்புவதில்லை. காரணத்தை மிஸ்ஸை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்.

சர்க்கரை வியாதியில் என் வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர் சிவலிங்கத்திடம் சிங்களத்தில் நிறையப் பேசினார். அவன் என்னிடம், "புண்ணைக் கழுவித் தைக்கப் போறாங்களாம், கையெழுத்துப் போடுங்கம்மா" என்றான். "வெளங்குதா?" என்று டாக்டர் என்னிடம் அரைகுறைத் தமிழில் கேட்டார். "ஆமாங்க" என்றேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த வாய். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் அதுதான் வரும்.

மறுநாள் காலை, ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக வண்டி வந்த நேரம், மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"அம்மா, இன்னைக்கு ஒங்களுக்கு என்ன செய்யப் போறாங்க?"

"ஆமாங்க மிஸ்."

"காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிட்ட மாதிரி ஆமாங்க போடாதீங்க. ஒங்க வாயால சொல்லுங்க."

"புண்ணைக் கழுவப் போறாங்க."

"கழுவுறதுக்கு எதுக்குடி பட்டினி போட்டிருக்காங்க?" என்றாள் பாப்பாத்தி.

மிஸ்ஸின் முகம் மாறியது. "எந்தக் கால்?" என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். முழங்காலுக்குக் கீழே விரல் வைத்து, "இதுக்குக் கீழ எடுக்கப் போறாங்கம்மா. யாருமே சொல்லலையா?" என்றார்.

போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினேன்.

டாக்டர் வந்து சத்தம் போட்டார். மிஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க திருப்பிச் சொல்ற வரைக்கும் அனுப்ப மாட்டேன்னுட்டேன். வேணாம்னாலும் நீங்கதான் சொல்லணும்." எடுக்காவிட்டால் விஷம் எப்படி மேலே ஏறும் என்று பேனாவால் என் காலிலேயே கோடு போட்டுக் காட்டினார். "பயப்படுங்க. ஆனா எதுக்குப் பயப்படுறோம்னு தெரிஞ்சு பயப்படுங்க."

மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். இரண்டு தடவை பாதியில் அழுதேன். மூன்றாவதில், "எடுங்க" என்றேன்.

பிறகு சிவலிங்கம் வந்து, "பயந்துருவீங்கன்னுதான் சொல்லலம்மா" என்றான்.

"கண்ணு முழிச்சுக் காலைத் தேடியிருந்தா பயந்திருக்க மாட்டேனாடா?"

அடுத்த மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். கேட்பதற்கு மிஸ் இல்லை. அதனால் தினமும் சாமி விளக்கின் முன்னால் நானே கேட்டு நானே சொல்கிறேன்: இடது கண், புரையை எடுத்துவிட்டு வில்லை வைப்பார்கள். மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்தக் கேள்விதான்.

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேம்மா" என்று ஒருவன் தினமும் சொல்கிறான். ஆஸ்பத்திரிக்கு என்னோடு அவன் வரவேண்டாம் என்றுவிட்டேன். அவன் கொண்டுவரும் கஞ்சியைக் குடிப்பேன், மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் சிவலிங்கம்.