உளுந்து பரப்பிய சாலை

அப்பா விட்டுப்போன அறுபதுகளின் அம்பாசிடரில் ஒரு திருகாணியைக்கூட நான் மாற்றியதில்லை. பின்கதவுகள் வெளியிலிருந்துதான் திறக்கும். உள்பக்கக் கைப்பிடிகள் உடைந்தபின் அதே பழைய கைப்பிடி கிடைக்காததால், வேறு பொருத்த மனமில்லாமல் விட்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மாசி மாதப் பகல். பின்சீட்டில் மனைவியும் மகளும். வரிச்சிக்குடி அருகே சாலை முழுக்க உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஏறினால் மணி உதிரும்.

"மேலயே ஏத்திப் போங்க" என்றாள் அங்கே நின்ற பெண்.

உதவியாக இருக்கட்டும் என்று முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டினேன். அடியில் சிக்கிய சருகு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. உள்ளே புகை. குதித்து இறங்கி ஓடினேன், பானெட்டைத் திறக்க.

"ஏங்க, கதவு... கதவத் திறங்க."

மனைவி கண்ணாடியைத் தட்டுவது கேட்டது. அப்போதும் என் கை பானெட்டில்தான் இருந்தது. அந்தப் பெண்தான் ஓடிவந்து கதவைத் திறந்து இருவரையும் வெளியே இழுத்தாள்.

கார் எலும்புக்கூடாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். "போனா போவுது, விடுங்க" என்றாள் மனைவி.

முதலில் எங்கே ஓடினீர்கள் என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. என்றைக்குக் கேட்பாளோ என்ற பயம் மட்டும் இன்னும் அணையவில்லை.