தேத்தண்ணீரும் சுவீடன் பாலமும்

ஒஸ்லோவிலிருந்து தெற்கே போகிற நெடுஞ்சாலை எங்கள் ஆட்களுக்குச் சுவீடன் சாலைதான். இறைச்சியும் சீனியும் எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவு. சனிக்கிழமைகளில் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் பாதிக் கார்கள் அங்கேதான் நிற்கும். இருபது வருடத்துக்கு மேலாக நானும் அந்தச் சாலையில் போய் வந்தவள், ஆனால் என் கணவருக்குப் பக்கத்து இருக்கையில். என்னுடைய வேலை தேத்தண்ணீர். ஹால்டன் நகரத்துக்குத் திரும்புகிற பலகை தெரிந்ததும் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து இவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பேன். எல்லை வரப்போகிறது என்பதற்கு எங்கள் வீட்டு அடையாளம் அது.

பிறகு இவருடைய கண்பார்வை குறைந்தது. இனிக் கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் அதே காலத்தில்தான், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். அதற்கு லைசன்ஸ் வேண்டும். ஐம்பது தாண்டிய பிறகு பழகத் தொடங்கினேன். “நீ கியரை மாற்றவில்லை, அதனிடம் அனுமதி கேட்கிறாய்” என்பார் பழக்குகிற நோர்வேஜியர். பியோர்ண்டாலில் இருக்கிற என் சிநேகிதி அதற்கும் மேலே: “எடியே, ரண்டு தரம் வழி மாறிப் போனாத்தான் றோட்டு பிடிபடும்.” ஆட்கள் சொல்கிற இப்படியானவற்றை நான் மறப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை இவருடைய தம்பி ஹால்டனில் வாங்கிய வீட்டுக்குக் குடிபுகுந்தார். எனக்கு லைசன்ஸ் சோதனை அடுத்த கிழமை. அதனால் நானே ஓட்டினேன். லைசன்ஸ் எடுத்துப் பத்து வருடமான மகள் பக்கத்தில் இருந்தாள். காரின் பின்னால் சிவப்பு எழுத்தில் எல் அடித்த காந்த அட்டை. நோர்வேயில் அப்படிப் பழகலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. இவர் பின் இருக்கையில் இருந்து, நான் முந்தாத லொறிகளைக்கூடக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார்.

ஹால்டன் பலகை தெரிந்தது. என் வாய் தானாகவே, “பிள்ளை, தேத்தண்ணியைத் திற” என்றது.

மகள் குனிந்தாள். ஊற்றினாள். இவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி காணாது என்றார். அவள் பையில் சீனியைத் தேடி நிமிர்ந்தபோது திரும்ப வேண்டிய பாதை எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் பெரிய பாலத்தின் வளைவு மட்டும்தான் தெரிந்தது.

“நிப்பாட்டாதேங்கோ அம்மா. நேரை போங்கோ.”

குரலை உயர்த்தாமல் அவள் மற்றதையும் சொன்னாள். பாலத்தின் நடுவில் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் எல் அட்டைக்கு மதிப்பில்லை. பழகுவதற்குச் சுவீடனில் அவர்களுடைய அனுமதி எடுக்க வேண்டும். அங்கே நான் லைசன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுகிற ஒரு பொம்பிளை. வழக்குப் பதிந்தால் அடுத்த கிழமைச் சோதனையும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. கீழே கடல்நீர். முன்னாலும் லொறி, பின்னாலும் லொறி. இவர் லொறிக் கணக்கை விட்டுவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏற்றத்தில் கியரை மாற்றினேன். அனுமதி கேட்கவில்லை.

இறங்கியதும் முதலில் வந்த வெளியேறும் பாதையை எடுத்து, பெற்றோல் நிலையத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்தினேன். இருக்கை மாறுவதற்காக நானும் மகளும் இறங்கினோம். அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ் கார் வந்து பக்கத்தில் நின்றது. இறங்கிய பொலிஸ்காரிக்கு என் வயது இருக்கும். எல் அட்டையைப் பார்த்துவிட்டு, யார் ஓட்டியது என்று சுவீடிஷில் கேட்டாள்.

நான்தான் என்றாள் மகள், நோர்வேஜிய மொழியில், கண் இமைக்காமல். அவளிடம் லைசன்ஸ் இருக்கிறது. கதை அதோடு முடிந்திருக்கும். கண்ணாடிக்கு உள்ளே இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். நேர்மை என்று பெரிய பேர் வைக்க மாட்டேன். அந்தப் பாலத்தை ஓட்டிக் கடந்தது நான். இத்தனை வருடம் அதன்மேல் கோப்பை ஏந்திக்கொண்டு போனவள். அதைத் தூக்கி மகளின் பேரில் எழுத மனம் வரவில்லை.

“இல்லை, நான்தான் ஓட்டினேன். முழுப் பாலத்தையும்,” என்றேன், எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்.

“ஐயோ அம்மா, சும்மா நில்லுங்கோவன்,” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

எல்லை தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று பொலிஸ்காரி கேட்டாள். பாலத்தில் நிறுத்தவும் கூடாது, பின்னுக்கு எடுக்கவும் கூடாது, பின்னால் லொறி வந்தது, நிறுத்தக்கூடிய முதல் இடம் இதுதான் என்றேன். அவள் என் சில்லுகளையும் தரையில் இருந்த கோடுகளையும் பார்த்தாள். எங்கள் பத்திரங்களை வாங்கிக்கொண்டு தன் காருக்குப் போனாள். இவர் கண்ணாடியை இறக்கி, “உமக்கென்ன விசரே?” என்றார். எனக்கோ சொன்னதைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தவள், எங்கள் சட்டப்படி இது குற்றம் என்றாள். பிறகு, அந்தப் பாலத்தில் நீ செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை, செய்ததைச் சரியாகச் செய்திருக்கிறாய், வழக்குப் பதியவில்லை என்றாள். அட்டையைக் கழற்ற வேண்டும், மகள் ஓட்ட வேண்டும், இந்தப் பக்கம் நான் ஒரு மீற்றர்கூட ஓட்டக்கூடாது. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நோர்வே சுங்கத்தில் என்ன வாங்கினீர்கள் என்றார்கள். ஒன்றுமில்லை என்றோம். சுவீடனிலிருந்து ஒரு கோழிகூட இல்லாமல் வருகிற தமிழ்க் குடும்பத்தை அவர்கள் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து, தம்பி வீட்டுக்குக் கொண்டுபோன குத்துவிளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

சுங்கம் தாண்டிய தரிப்பிடத்தில் மகள் காரை நிறுத்தினாள். நாங்கள் இறங்குவதற்குள் இவர் இறங்கி, காரின் பின்பக்கத்தைக் கையால் தடவி எல் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். அது சரிந்து நின்றது. நிமிர்த்தப் போன மகளை வேண்டாம் என்று தடுத்தேன்.

“ஏறும்,” என்றார் என்னிடம். “சாப்பாடு ஆறப்போகுது.”

தம்பி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னரே இவர் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்: “உங்கடை அண்ணி இண்டைக்குச் சுவீடனுக்குக் கார் ஓடிப்போட்டு வாறா.”

அடுத்த கிழமை சோதனையில் சித்தியடைந்தேன். அந்த வேலையும் கிடைத்தது. இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம், சட்டப்படி. ஹால்டன் பலகை வந்ததா என்று பக்கத்து இருக்கையிலிருந்து இவர் கேட்பார். வந்தது என்பேன். போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றுவார். சீனி எப்போதும் ஒரு கரண்டி கூட.